பூனை டாரட் கட்டு: முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டாரட் என்பது படச் சீட்டுகளை எடுத்துப் பார்த்து மனத்தில் உள்ள கேள்விகளை ஆராயும் முறை. அதைக் கற்க விரும்பும் பலர் இப்போது தங்கள் முதல் சீட்டுக்கட்டாகவே பூனைகள் வரையப்பட்ட கட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அழகுக்காக வாங்குகிறார்கள் என்று சிலர் இதை ஒதுக்கினாலும், காவிரிப் படுகையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்பதே என் கருத்து. வழக்கமான கட்டுகளில் கவசம் அணிந்த குதிரைவீரர்களும் ஐரோப்பிய மதகுருமார்களும் பனி மலைகளும் நிறைந்திருப்பதால், ஒவ்வொரு படத்தையும் முதலில் கையேட்டின் துணையோடு புரிந்துகொண்டு, பிறகுதான் நம் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்க முடிகிறது. பூனை விஷயத்தில் அந்தத் தொலைவு இல்லை. நெல் இருக்கும் வீட்டில் எலி இருக்கும், எலி இருக்கும் வீட்டில் பூனை இருக்கும். பத்தாயத்தின் மேலும் வைக்கோல் போரின் ஓரத்திலும் திண்ணைத் தூணின் நிழலிலும் பூனையைப் பார்த்தே வளர்ந்தவர்கள், அதன் வாலும் காதும் எந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே அறிந்திருக்கிறார்கள். போதாக்குறைக்குத் தமிழில் பூனையை வைத்து எத்தனையோ பழமொழிகள் இருக்கின்றன. இந்த இரண்டையும் பயன்படுத்திச் சீட்டுகளைப் பழகும் வழியையே இங்கே எழுதுகிறேன். கையேட்டை மனப்பாடம் செய்வது அதற்குப் பிறகு வர வேண்டிய வேலை.

சகுனத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உட்காருங்கள்

வீட்டை விட்டுக் கிளம்பும்போது பூனை குறுக்கே போனால், திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. கறுப்புப் பூனை என்றால் அச்சம் இன்னும் கூடுதல். அந்த எண்ணத்தோடு பூனைக் கட்டை விரித்தால் 78 சீட்டுகளும் கெட்ட சகுனமாகவே தெரியும். ஆகவே ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று உலகெங்கும் பயன்படும் கட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்மாதிரி 1909-இல் லண்டனில் வெளியான ரைடர்-வெயிட் கட்டு. அதில் கோல் அரசி என்ற சீட்டில், அவளுடைய காலடியில் ஒரு கறுப்புப் பூனை நேராக நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அந்த அரசி துணிவும் தன்னம்பிக்கையும் கலகலப்பும் உடையவள். கையில் சூரியகாந்திப் பூ, அரியணையில் சிங்க உருவங்கள். அவளுடைய உள்ளுணர்வுக்கும் சுதந்திரத்துக்கும் அடையாளமாகத்தான் அந்தப் பூனையைக் கொள்கிறார்கள். டாரட்டில் கறுப்புப் பூனைக்குக் கிடைத்திருக்கும் இடம் இதுதான்.

இன்னொரு எதிர்பார்ப்பையும் சரி செய்துகொள்ள வேண்டும். மயிலாடுதுறைக்கு அருகே வைத்தீஸ்வரன்கோயிலில் கட்டைவிரல் ரேகையைக் கொடுத்து நாடி ஓலை தேடுகிறவர்கள், தமக்கென்று ஏற்கெனவே எழுதப்பட்டதைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். கோயில் வாசலில் கிளி ஜோசியம் பார்க்கிறவர்கள், கிளி எடுத்துக் கொடுத்த சாமி படத்துக்குப் பலன் கேட்கிறார்கள். டாரட்டை அந்த இரண்டின் வரிசையில் வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். கலைத்துப் போட்ட சீட்டுகளில் எது மேலே வரும் என்பது தற்செயல். அச்சடித்த அட்டைக்கு நாளை நடக்கப் போவது தெரியாது. மனத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும் ஒரு கேள்வியை, ஒரு படத்தின் முன்னால் வைத்து நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பே அது தருவது. அந்த அளவில் அது மிகவும் பயனுள்ளது என்று நான் நம்புகிறேன். நோய், மரணம், கோர்ட் வழக்கு, லாட்டரி ஆகியவற்றைச் சீட்டிடம் கேட்கக் கூடாது. பிறருக்குப் பார்க்கும்போது அவற்றுக்குப் பதில் சொல்லவும் கூடாது.

கட்டை வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முழுமையான டாரட் கட்டில் 78 சீட்டுகள் இருக்கும். அவற்றில் 22 பெரும் சீட்டுகள்; இவற்றை மேஜர் அர்க்கானா என்பார்கள். மீதி 56 சிறு சீட்டுகள், அதாவது மைனர் அர்க்கானா. பூனைப் படங்களோடு விற்கப்படும் கட்டுகளில் சில டாரட்டே அல்ல. ஆரக்கிள் என்ற பெயரில் வருபவை தம் விருப்பப்படி எத்தனை சீட்டுகளும் எந்தப் பொருளும் வைத்துக்கொள்பவை. அவை அழகாக இருக்கலாம், ஆனால் அவற்றை வைத்து டாரட் கற்க முடியாது. பெட்டியின் மேல் 78 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, சிறு சீட்டுகளின் படங்களைக் கவனியுங்கள். ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகளை மட்டும் அடுக்கி வைத்திருக்கும் கட்டு ஒரு வகை. அது மார்சேய் என்ற பழைய பிரெஞ்சு மரபு. ஐந்து கோப்பைகளோடு ஒரு நிகழ்ச்சியையே காட்டும் கட்டு இன்னொரு வகை. அது ரைடர்-வெயிட் மரபு. புதியவர்கள் இரண்டாவது வகையையே வாங்க வேண்டும். பூனை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நாம் படிக்கப் போகிறோம். பூனை எதுவும் செய்யாத சீட்டில் நமக்கு வேலை இல்லை. 1909-ஆம் ஆண்டுக் கட்டின் எல்லாப் படங்களையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர். ஆர்தர் எட்வர்டு வெயிட் திட்டம் வகுத்தார்; ஆயினும் சிறு சீட்டுகளுக்கு உயிர் கொடுத்த கை அந்த அம்மையாருடையது. இன்று பூனைக் கட்டு வரைகிறவர்களும் பெரும்பாலும் அவர் அமைத்த காட்சிகளைத்தான் பூனை உருவில் மாற்றி வரைகிறார்கள். ஆகவே எந்தப் பூனைச் சீட்டில் குழப்பம் வந்தாலும், அதற்குரிய ரைடர்-வெயிட் படத்தை போனில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

டாரட் சீட்டு சாதாரணச் சீட்டைவிடப் பெரியது. சுமார் 7 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் இருக்கும். சிறிய கையுள்ளவர்கள் சிறிய அளவுக் கட்டை வாங்கலாம், ஆனால் மிகச் சிறியதில் பூனையின் காதும் கண்ணும் தெரியாமல் போய்விடும்.

எகிப்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை

பூனைக் கட்டுகளின் கையேடுகளில் எகிப்தியப் பூனைத் தெய்வமான பாஸ்டெட் அடிக்கடி வருவாள். டாரட்டே எகிப்தில் தோன்றியது என்றும் சில கையேடுகளில் எழுதியிருக்கும். அது உண்மையல்ல. டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகத் தோன்றியது. 1781-இல் கூர் த ஜெபெலன் என்ற பிரெஞ்சு அறிஞர், ஆதாரம் ஏதும் இல்லாமலே அதை எகிப்தின் பழம் ஞானம் என்று எழுதினார். எகிப்திய எழுத்துகளை ஷாம்போலியோன் படித்தறிந்ததே 1822-இல்தான் என்பதை நினைவில் வைத்தால், அந்தக் கூற்றின் பலம் விளங்கிவிடும். குறி பார்க்க டாரட்டைப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கியதும் அதே 18-ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸில்தான்.

ஆனாலும் பாஸ்டெட்டை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. அவளுடைய கோயில் நகரமான புபாஸ்டிஸ் நைல் ஆற்றின் படுகையில் இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல், அதில் விளைந்த தானியம், தானியத்தைத் தேடி வந்த எலி, எலியைத் தேடி வந்த பூனை என்ற தொடர் நமக்கும் தெரிந்ததே. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த உறவும் உழவோடு சேர்ந்து வளர்ந்ததுதான். பணத்தையும் வீட்டையும் குறிக்கும் காசு வரிசைச் சீட்டுகளில் பூனை ஏன் இவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பதற்கு இந்தப் பின்னணி உதவும்.

நான்கு வரிசைகள்

சிறு சீட்டுகள் கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு வரிசைகள். ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல: கிளாவர், ஆட்டின், இஸ்பேட், டைமன் ஆகியவற்றின் உறவுக்காரர்கள்தாம் இவை. ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகளும், ஏவலர், குதிரைவீரர், அரசி, அரசர் என்ற நான்கு ஆள் சீட்டுகளும் உண்டு.

கோல் நெருப்புக்குரியது, ஊக்கம், தொழில் முனைவு, ஆசை ஆகியவை அதில் அடங்கும். கோப்பை நீருக்குரியது, அன்பு, உறவு, துயரம். வாள் காற்றுக்குரியது, சிந்தனை, சொல், சச்சரவு. காசு மண்ணுக்குரியது, பணம், உடல், வீடு, வேலை. திருவானைக்காவில் நீரையும் சிதம்பரத்தில் வானையும் வழிபட்டுப் பழகிய நம் மனம் ஐந்தாவது பூதத்தைத் தேடும். டாரட் கிரேக்க மரபின் நான்கு பூதங்களைக் கொண்டது என்பதால் வரிசைகளில் வானத்துக்கு இடம் இல்லை. 22 பெரும் சீட்டுகளையே அதற்குரியவையாகக் கொள்வோரும் உண்டு. பூனைக் கட்டுகளில் சில, கோலுக்குப் பதில் தீயையும் கோப்பைக்குப் பதில் கடலையும் பெயராக வைத்திருக்கும். பெயர் மாறினாலும் பூதம் மாறாது என்பதால், எந்த வரிசை எந்தப் பூதம் என்று கையேட்டின் முதல் பக்கத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

பூனையின் உடலைப் படித்தல்

இதுதான் இந்த வழிகாட்டியின் முக்கியமான படி. சீட்டின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, பூனையை மட்டும் பாருங்கள்.

வாலில் தொடங்குங்கள். வால் நேராக மேலே நின்று நுனி மட்டும் லேசாக வளைந்திருந்தால், அது அறிந்தவரை நோக்கி நட்போடு வரும் பூனை. வாலின் மயிர் சிலிர்த்துப் பருத்திருந்தால் அச்சம். வால் உடலைச் சுற்றி இறுக்கமாக மடிந்திருந்தால் அது தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது. விலகியே இருக்க விரும்புகிறது. வாலை இருபுறமும் வீசி அடிக்கும் பூனை எரிச்சலில் இருக்கிறது. நாய் வாலாட்டுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இதை மகிழ்ச்சி என்று தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது காது. முன்னோக்கிய காது ஆர்வத்தையும், பக்கவாட்டில் திரும்பிய காது பதற்றத்தையும், தலையோடு ஒட்டிப் படிந்த காது அச்சத்தையோ சினத்தையோ காட்டும். பிறகு கண். பாதி மூடிய கண்ணோடு இருக்கும் பூனை எதிரில் இருப்பவரை நம்புகிறது. மெல்லக் கண்ணை மூடித் திறப்பது பூனைகளிடையே நல்லெண்ணத்தின் அறிகுறி. கண்மணி விரிவது இருட்டினாலும் நிகழலாம், அச்சத்தினாலும் நிகழலாம், இரையைக் கண்ட பரபரப்பினாலும் நிகழலாம். எது என்பதை மற்ற உறுப்புகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மல்லாந்து வயிற்றைக் காட்டும் பூனை உங்களை நம்புகிறது, ஆனால் வயிற்றைத் தொட அனுமதி தரவில்லை. உறவுகளைப் பற்றிய கேள்விக்கு வரும் கோப்பைச் சீட்டுகளில் இந்த வேறுபாடு பெரிதும் உதவும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, ‘இந்தப் பூனை இப்போது என்ன நினைக்கிறது?’ என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதன் பிறகு கையை எடுத்துச் சீட்டின் பெயரைப் பாருங்கள். ஓவியர் பூனையை அறிந்தவராக இருந்தால், உங்கள் வாக்கியமும் கையேட்டின் பொருளும் பல சீட்டுகளில் அடுத்தடுத்து வந்து நிற்பதைக் காண்பீர்கள்.

பழமொழிகளைத் துணைக்கு அழைத்தல்

நம் பழமொழிகளில் சில, குறிப்பிட்ட சீட்டுகளுக்கென்றே சொல்லி வைத்தவைபோல் பொருந்துகின்றன. இரண்டு வாள் சீட்டில், கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருத்தி இரு வாள்களை மார்பின் குறுக்கே பிடித்து அசையாமல் உட்கார்ந்திருப்பாள்; முடிவெடுக்க முடியாத நிலை. மதில்மேல் பூனை என்று நினைத்துக்கொண்டால் அது ஒருபோதும் மறக்காது. எட்டு வாள் சீட்டில், கண்ணும் கையும் கட்டப்பட்டவளைச் சுற்றி வாள்கள் நடப்பட்டிருக்கும், ஆனால் முன்புறம் வழி திறந்தே கிடக்கும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடாது என்பது அந்தச் சீட்டின் பாடம். ஊழ்ச்சக்கரச் சீட்டுக்கு, யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்பதைவிடச் சிறந்த விளக்கம் எந்தக் கையேட்டிலும் இல்லை.

ஏழு வாள் சீட்டில் ஒருவன் ஐந்து வாள்களை அள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்த்தபடியே நுனிக்காலில் நழுவுகிறான். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது யார் என்று கேட்க வேண்டிய இடம் அது. ஐந்து கோப்பைச் சீட்டில் மூன்று கோப்பைகள் கவிழ்ந்திருக்கும், இரண்டு பின்னால் நிமிர்ந்து நிற்கும், நிற்பவரோ கவிழ்ந்ததையே பார்த்துக்கொண்டிருப்பார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பது அவருடைய நிலை; அடுப்பங்கரையில் இன்னும் பால் இருக்கிறது என்பதைச் சீட்டு கூடுதலாகச் சொல்கிறது.

ஒன்பதாம் எண் பெரும் சீட்டான துறவியிடம் சற்று நிதானமாக நிற்க வேண்டும். விளக்கும் கோலும் ஏந்தித் தனித்து நிற்கும் முதியவர், தனிமையில் தேடும் உண்மையைக் குறிப்பவர். பூனையின் இயல்புக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் நமக்கு உருத்திராட்சப் பூனையும் தெரியும். மாமல்லபுரத்து அருச்சுனன் தபசுச் சிற்பத்தில், பின்னங்காலில் நிமிர்ந்து நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதன் அருகே அச்சமின்றி நிற்கும் எலிகளையும் பார்த்திருப்பீர்கள். இந்தச் சீட்டு வரும்போது, நான் ஒதுங்கியிருப்பது தேடுவதற்காகவா, அல்லது தவம் என்று சொல்லிக்கொண்டு வேறு எதற்காகவோ காத்திருக்கவா என்று கேட்டுப் பாருங்கள். துறவிச் சீட்டுக்கு இவ்வளவு கூர்மையான கேள்வியை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

பழமொழிகளில் பூனை பெரும்பாலும் கள்ளத்தனத்துக்கு உவமையாக வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. சீட்டில் வரும் பூனை அப்படிப்பட்டதல்ல; அரசியாகவும் தாயாகவும் குழந்தையாகவும் வருவது. பழமொழி நினைவில் நிறுத்துவதற்கு மட்டுமே. பொருளை முடிவு செய்யப் படத்துக்குத் திரும்ப வேண்டும்.

தலைகீழாய்த் தொங்குபவரும் திருவரங்கத்துப் பூனைக்குட்டியும்

பன்னிரண்டாம் சீட்டைக் கண்டு புதியவர்கள் அஞ்சுவதுண்டு. ஒரு காலில் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கும் மனிதர் அதில் இருக்கிறார். முகத்தைப் பார்த்தால் வேதனை இல்லை; தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கிறது. போராட்டத்தை நிறுத்திவிட்டுத் தன்னை ஒப்புக்கொடுத்தவர் அவர். இதை விளங்கிக்கொள்ள நாம் திருவரங்கத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. தென்கலை வைணவத்தில் சரணாகதியை விளக்க மார்ஜார நியாயம் என்று ஒன்றைச் சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தாய்ப்பூனை பிடரியைக் கவ்வித் தூக்கிச் செல்லும். தூக்கும் அந்த நேரத்தில் குட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? கால்கள் மடங்கி, வால் வயிற்றோடு சுருண்டு, உடல் முழுவதும் தளர்ந்துபோய், சத்தமின்றித் தொங்கும். பிடரியைப் பற்றியதும் உடல் தானாக அடங்குவது குட்டிகளின் இயல்பான எதிர்வினை. அது திமிறினால் தாயால் மதில் தாண்ட முடியாது. பன்னிரண்டாம் சீட்டு வந்தால், எந்த இடத்தில் என் திமிறலே என்னைத் தூக்கிச் செல்ல விடாமல் தடுக்கிறது என்று கேளுங்கள்.

எட்டாம் சீட்டான வலிமையும் பூனைக் கட்டில் புதிய பொருள் பெறுகிறது. (மார்சேய் மரபில் இது பதினொன்றாவது; எட்டாம் இடத்தில் நீதி இருக்கும். உங்கள் கட்டு எந்த மரபு என்பதை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.) ரைடர்-வெயிட் மூலத்தில் ஒரு பெண் சிங்கத்தின் வாயை மென்மையாக மூடுகிறாள். பூனைக் கட்டில் அந்தப் பெண்ணின் இடத்தில் பூனை வந்துவிட்டால், அடக்குவதும் அடங்குவதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை ஆகிவிடுகின்றன. நம் சினம் நமக்கு வெளியே இருக்கும் விலங்கல்ல, நம்முடைய பெரிய உருவம்தான் என்பதை இந்த மாற்றம் எளிதாக உணர்த்திவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கோப்பை ஏவலர் சீட்டு. மூலப் படத்தில் ஓர் இளைஞன் ஏந்திய கோப்பைக்குள்ளிருந்து ஒரு மீன் தலையை நீட்டி அவனைப் பார்க்கும். எதிர்பாராமல் தோன்றும் கற்பனைக்கும் மென்மையான செய்திக்கும் அது அடையாளம். இப்போது அந்த இளைஞனின் இடத்தில் ஒரு பூனைக்குட்டியை வையுங்கள். மீனும் பூனையும் நேருக்கு நேர். பாயலாம், விழுங்கலாம், ஆனால் குட்டி காதுகளை முன்னே நீட்டி, தலையைச் சாய்த்து, மீன் சொல்வதைக் கேட்கிறது. புதிதாகத் தோன்றும் எண்ணத்தை உடனே பிடித்துத் தின்றுவிடாமல் சற்று நேரம் உயிரோடு வைத்துப் பார்க்கச் சொல்லும் சீட்டாக அது மாறிவிடுகிறது.

சாவு, சாத்தான், கோபுரம் ஆகிய மூன்று சீட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாவு என்பது ஒரு கட்டத்தின் முடிவு, உயிரிழப்பு அல்ல. சாத்தான் சீட்டில் இருவரின் கழுத்திலும் உள்ள சங்கிலி தளர்வானது, கழற்றினால் கழன்றுவிடும். கோபுரம் திடீர்ச் சரிவு. விழும் பூனை காற்றிலேயே உடலைத் திருப்பிக் காலூன்றும் இயல்புடையது என்பதால், பூனைக் கட்டில் இந்தச் சீட்டின் கடுமை சற்றுத் தணிந்தே தெரியும்.

கேள்வி கேட்பதும் சீட்டு எடுப்பதும்

தொடக்கத்தில் நாளைக்கு ஒரு சீட்டு போதும். காலையில் எடுத்துப் பார்த்து, பூனையைப் பற்றிய வாக்கியத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரவில் அந்த நாள் எப்படிப் போனது என்று அதன் கீழே ஓரிரு வரிகள் சேருங்கள். கட்டு முழுவதும் ஓரளவு பழகிய பிறகு மூன்று சீட்டுக்குப் போகலாம்: முதலாவது இப்போதைய நிலை, இரண்டாவது தடை, மூன்றாவது எடுத்து வைக்கக்கூடிய அடி. தலைகீழாக வரும் சீட்டுகளை இப்போதைக்கு நேராகத் திருப்பி வைத்துவிடுங்கள். தலைகீழ்ப் பொருள்களைச் சேர்த்தால் 78 என்பது 156 ஆகிவிடும், புதியவர்களுக்கு அது தேவையற்ற சுமை.

கேள்வியை அமைப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஆமா, இல்லையா என்று பதில் வரும் கேள்வி உதவாது. என் அண்ணன் மகள் மயிலாடுதுறைப் பக்கத்தில் வீட்டிலேயே தையல் தைக்கிறாள். “கடை போட்டா ஓடுமா, அத்தை?” என்றுதான் முதலில் கேட்டாள். கடை போடுவதற்கு முன் நான் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேள்வியை மாற்றச் சொன்னேன். அவளே கலைத்து, இடது கையால் வெட்டி, மேலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்து வைத்தாள். (இடது கை என்பது வழக்கம் மட்டுமே, எந்தக் கையாலும் வெட்டலாம்.)

முதலில் நான்கு காசு வந்தது. ஒரு கொழுத்த பூனை நான்கு காசுகளையும் காலடியிலும் மடியிலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. “இது எந்திரிக்கவே மாட்டேங்குதே” என்றாள். “வாலைப் பாரும்மா, எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “ஒடம்பச் சுத்தி இறுக்கிக்கிட்டு இருக்கு. காது ரெண்டும் பக்கவாட்டுல போயிருக்கு.” சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அட்வான்ஸ் குடுத்தாக் கையில ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுத்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன், அத்தை” என்றாள். நான் ஒரு பொருளும் சொல்லவில்லை.

இரண்டாவதாக வந்தது இரண்டு வாள். மதில்மேல் பூனை என்று அவளே சொல்லிவிட்டாள். மூன்றாவது ஏழு காசு. மூலப் படத்தில் ஓர் உழவர் மண்வெட்டியில் சாய்ந்து நின்று, தான் வளர்த்த செடியில் காய்த்திருக்கும் காசுகளைப் பார்க்கிறார். பூனைக் கட்டில் ஒரு பூனை செடியின் முன் அமர்ந்து பாதிக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தாலும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை நாற்றைப் பார்த்தபடி இருக்க வேண்டிய ஊர் எங்களுடையது. அந்தக் காத்திருப்பு சோம்பல் அல்ல என்பதை அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. “தீபாவளித் தையல் முடியட்டும். வரவு செலவை எழுதிப் பாத்துட்டு அப்பறம் எடம் பாக்குறேன்” என்றாள். சீட்டு அவளுக்கு வருங்காலத்தைச் சொல்லவில்லை; அவள் அறிந்திருந்ததை அவள் வாயாலேயே வரவழைத்தது. பிறருக்குப் பார்க்கும்போதும் இவ்வாறு படத்தைப் பற்றிக் கேள்வி கேட்டு, பதிலை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

கட்டைப் பேணுதல்

நம் பகுதியில் கட்டுக்குப் பெரிய எதிரி ஐப்பசி, கார்த்திகை அடைமழை. காற்றில் உள்ள ஈரத்தை அட்டை இழுத்துக்கொண்டால், சீட்டுகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கலைக்கும்போது ஓரம் பிய்ந்துவிடும். பருத்தித் துணியில் சுற்றி, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில், மருந்துப் புட்டியோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் இரண்டைப் போட்டு வையுங்கள். ஈரமான கட்டை வெயிலில் காய வைக்காதீர்கள், அட்டை நிரந்தரமாக வளைந்துவிடும். மின்விசிறியின் கீழ் பரப்பி, பிறகு கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் சீராகும். புதுப் பொருளுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கும் வழக்கத்தைச் சீட்டுகளில் செய்ய வேண்டாம். கறை படிந்த சீட்டு பின்பக்கத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும், அதன் பிறகு கலைப்பதில் பொருளில்லை. பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சீட்டு விரிப்பு கைவந்த பிறகு, பத்துச் சீட்டுகளைக் கொண்ட கெல்டிக் சிலுவை என்ற விரிப்புக்குப் போகலாம். வெயிட் தம் கையேட்டில் விளக்கியது அது. இன்றும் அது பரவலாகப் பயன்படுகிறது. அதற்கு முன் 78 சீட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் உங்கள் சொந்த வாக்கியம் நோட்டில் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். ஏவலர், குதிரைவீரர், அரசி, அரசர் ஆகிய பதினாறு சீட்டுகளில்தான் பெரும்பாலும் இடைவெளி இருக்கும். உங்கள் தெருவில் நீங்கள் அறிந்த ஒரு பூனையை ஒவ்வொன்றுக்கும் பொருத்தி எழுதத் தொடங்கினால், அந்தப் பதினாறும் விரைவில் நிறைந்துவிடும்.